ரூகர் 10/22 டேக்டவுனுக்கு ஒரு லாமினேட் கட்டை: பொருத்தமும் திருத்தமும்

ரூகர் நிறுவனம் 1964இல் அறிமுகப்படுத்திய 10/22 ரைஃபிளை, 2012 முதல் குழலைத் தனியாகவும் ரிசீவரை (போல்ட்டும் டிரிகரும் அமரும் உலோக உடலை) தனியாகவும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய டேக்டவுன் வடிவிலும் விற்று வருகிறது. அதனுடன் வரும் கறுப்பு நெகிழிக் கட்டை (தோளில் சாய்த்துக் கையால் பிடிக்கும் பகுதி) வேலைக்குப் போதுமானது என்றாலும், கன்னம் பதியும் இடம் தாழ்ந்திருப்பதால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்துச் சுடுபவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மாற்றாக, அமெரிக்காவில் ஒரு சிறு பட்டறை செய்து விற்கும் லாமினேட் மரக் கட்டையைப் பற்றியதே இந்த மதிப்புரை. கைக்கு வந்த ஒரே ஒரு கட்டையை வைத்து ஒரு பட்டறையின் பெயரைக் கெடுப்பது நியாயமாகாது என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சாம்பலும் பழுப்புமான மர அடுக்குகள் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருக்கின்றன. பிடியின் வளைவு உள்ளங்கையில் இயல்பாக அமர்கிறது. ஸ்கோப்புக்கு ஏற்ற உயரத்தில் கன்னம் பதிகிறது. கட்டையின் விலைக்கு இவ்வளவும் சரிதான். குறை தெரிந்தது ரைஃபிளைப் பூட்டிய பிறகு. முன்கட்டையும் பின்கட்டையும் சந்திக்கும் கோட்டில், முன்கட்டை இடப்பக்கமாக நகத்தில் தட்டும் அளவுக்கு விலகி நின்றது. மேல்பக்கம் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க, அடிப்பக்கம் வாய் திறந்திருந்தது.

இத்தகைய விலகலைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவது பலருடைய வழக்கம். அது தவறான தொடக்கம். காரணம், இந்த ரைஃபிளில் முன்கட்டை குழலோடு சேர்ந்தது, பின்கட்டை ரிசீவரோடு சேர்ந்தது. ஆகவே மரங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் விலகல், உலோகப் பூட்டில் உள்ள தளர்வால் வந்திருக்கலாம், ரிசீவர் கட்டைக்குள் சாய்ந்து அமர்ந்ததால் வந்திருக்கலாம், மரத்தை வெட்டியதிலேயே பிழை இருந்திருக்கலாம். முதல் இரண்டையும் விலக்காமல் மூன்றாவதைத் தொட்டால், தேய்த்த மரம் திரும்பி வராது.

எந்த வேலைக்கும் முன்பு மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டி, வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட் பின்னால் நிற்காமல் இந்த ரைஃபிளைக் கழற்றவும் கூடாது.

உலோகப் பூட்டிலிருந்து தொடங்குவோம். சாதாரண 10/22இல் குழலை ரிசீவரோடு இறுக்கிப் பிடிப்பது இரண்டு திருகுகள் கொண்ட ஒரு வி வடிவக் கட்டி. டேக்டவுனில் அதற்குப் பதிலாக, குழலைச் செருகிச் சிறிது திருப்பினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பற்களும், அடியில் ஒரு வில் நெம்புகோலும் இருக்கின்றன. பற்களுக்கு இடையே மிஞ்சும் தளர்வை எடுப்பதற்காகக் குழலின் பின்முனையில் சொரசொரப்பான வளையம் ஒன்று உண்டு. அதை முழுவதும் தளர்த்திவிட்டு, குழலைப் பூட்டி, பிறகு வளையத்தை விரல்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கி, ஒருமுறை கழற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். குழலைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தால் எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது. இடுக்கி போட்டு இறுக்கத் தேவையில்லை. வளையத்தின் சொரசொரப்புதான் வழுக்கிப் போகும்.

புதிய கட்டை போட்டவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உலோகங்கள் முழுமையாக அமர்வதற்கு முன்பே மரமும் மரமும் மோதிக்கொண்டால், வளையத்தை எவ்வளவு இறுக்கினாலும் கைக்குக் கிடைப்பது பொய்யான இறுக்கம். மழைநாளில் மரம் சற்று உப்பினால் ஓர் இறுக்கம், வறண்ட நாளில் வேறோர் இறுக்கம். ஆகவே இரண்டு கட்டைகளுக்கும் நடுவே முடிநூல் இடைவெளி இருப்பது குறையாகாது, இருந்தே ஆக வேண்டும். ஒரு டாலர் நோட்டின் தடிமன் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர், அது சுற்றிலும் தடையின்றி நுழைந்து வந்தால் போதும். என்னிடம் வந்த கட்டையில் நோட்டு அடிப்பக்கம் ஓடியது, மேல்பக்கம் சிக்கியது. மோதும் இடத்தைத் துல்லியமாக அறிய, ஒரு முகத்தில் உதட்டுச்சாயத்தை மெல்லியதாகப் பூசிப் பூட்டித் திறந்தால், எதிர்முகத்தில் படும் சிவப்பே சொல்லிவிடும்.

மேலே ஒட்டி, கீழே திறந்திருந்தால் அதன் பொருள் ரிசீவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறது என்பதே. 10/22இன் ரிசீவரைக் கட்டையோடு பிணைப்பது முன்பக்கத்தில் உள்ள ஒரே ஒரு திருகு. பின்பக்கத்தில் திருகே இல்லை என்பதால், கட்டையின் உட்குழிவு பின்னால் சற்று ஆழமாகிவிட்டாலும் ரிசீவர் அந்தப் பள்ளத்தில் சரிந்துவிடும். இதை உறுதிசெய்ய ரிசீவரை வெளியே எடுக்க வேண்டும். குறுக்குப் பொத்தானாக இருக்கும் சேஃப்டியை இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் சரிபாதியில் நிறுத்தினால்தான் அது கட்டையிலிருந்து வெளிவரும். இதை அறியாமல் பலம் கொடுத்து இழுத்து, கட்டையின் உள்விளிம்பைப் பெயர்த்தவர்கள் உண்டு.

பின்பகுதியின் அடியில் விசிட்டிங் கார்டின் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு முறையும் திருகை இறுக்கி, குழலைப் பூட்டி, நோட்டை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு துண்டுகளில் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாயிற்று. பக்கவாட்டு விலகலிலும் பெரும்பகுதி உட்குழிவு ரிசீவரைவிட அகலமாக இருந்ததால் வந்ததே. ஒரு பக்கச் சுவரில் மாஸ்கிங் டேப்பை ஒட்டியதும் அது நடுவுக்கு வந்தது. அட்டையும் டேப்பும் நோயைக் கண்டறியத்தான் உதவும், மருந்து எபாக்ஸி பெடிங், அதாவது உட்குழிவில் எபாக்ஸிப் பிசினை இட்டு ரிசீவரின் வடிவுக்கே இறுக விடுவது. துப்பாக்கி உதிரிப் பொருட்கள் விற்கும் பிரவுனெல்ஸ் நிறுவனத்தின் அக்ராகிளாஸ் ஜெல் இதற்கு வசதியானது. பிசினும் கடினமாக்கியும் சரிசமமாகக் கலக்க வேண்டியது என்பதால் அளவு தவற வாய்ப்பு குறைவு, ஓடி வழியவும் செய்யாது. அதே பெயரில் ஜெல் அல்லாத பழைய வகை நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்க வேண்டியது என்பதை மறந்துவிடக் கூடாது. ரிசீவர் மீது ஒட்டாமல் தடுக்கும் பூச்சை இரண்டு கை பூசி, ஓட்டைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைத்த பிறகே எபாக்ஸியை வைக்க வேண்டும். இந்த இரண்டில் எதை விட்டாலும் ரைஃபிள் கட்டையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

எபாக்ஸி இறுகிய பிறகு மிஞ்சியது இடப்பக்கத்தில் ஒரு மெல்லிய படி மட்டுமே. அதற்குத்தான் உப்புத்தாள். பூட்டிய நிலையில் பென்சிலால் குறித்துக்கொண்டு, உலோகத்தைக் கழற்றிவிட்டு, தட்டையான மரத்துண்டில் சுற்றிய 220ஆம் எண் தாளில் தொடங்கி 400 வரை சென்றேன். ரைஃபிளோடு சேர்த்துத் தேய்த்தால் மரத்தூள் டிரிகருக்குள் இறங்கும். லாமினேட்டில் இன்னொரு விலையும் உண்டு: மேலடுக்கைத் தேய்த்தால் நிறக்கோடுகள் இடம் மாறும். கூர்ந்து பார்ப்பவருக்கு அந்த இடம் தெரிந்தே தெரியும். தேய்த்த இடத்துக்கும், முக்கியமாக இணைப்பில் திறந்து நிற்கும் மர முகங்களுக்கும் எண்ணெய் பூசி ஈரத்தை அடைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வீசிவிடக் கூடாது. அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயவிடுவது நல்லது.

இவ்வளவும் குறிதவறாமைக்கு எவ்வளவு உதவுகிறது என்ற கேள்வி நியாயமானது. ஸ்கோப் ரிசீவர் மீது இருக்கிறது, தோட்டா குழல் வழியாகப் போகிறது. இரண்டும் சந்திக்கும் முகத்தில், ஓர் அங்குல அகலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் சாய்வு வந்தால், 50 கஜத்தில், அதாவது 1800 அங்குலத்தில், குறி 1.8 அங்குலம் நகர்ந்துவிடும். வளையம் தளர்ந்திருந்தபோது ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டியதும் இலக்கு அட்டையில் குண்டுகள் விழும் கொத்து இடம் மாறிக்கொண்டிருந்தது. மர மோதலை நீக்கி வளையத்தை மறுபடி இறுக்கிய பின்பு அந்த மாற்றம் கொத்தின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆனால் தோற்றத்துக்காகச் செய்த உப்புத்தாள் வேலை குறியை ஒரு மயிரிழை கூட மாற்றவில்லை. குழல் மீதே முன்னும் பின்னும் அமைந்த இரும்புக் குறிகளை மட்டும் பயன்படுத்துபவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். எப்படிப் பூட்டினாலும் அந்த இரண்டும் குழலோடு சேர்ந்தே திரும்பும்.

இணைப்பு வளையம் என்ற யோசனை புதியதன்று. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1914இல் பெல்ஜிய நிறுவனமான எஃப்.என். தயாரிக்கத் தொடங்கிய .22 ரைஃபிளிலும் தேய்மானத்தை ஈடுசெய்யும் வளையம் உண்டு. மறுபுறம், 1959இல் ஆர்மலைட் வெளியிட்ட ஏஆர்-7இல் முன்கட்டையே இல்லை, குழல் ஒரு மரையில் நிற்கிறது. அழகு குறைவு, ஆனால் இணைப்புக் கோடு என்ற தலைவலியே எழுவதில்லை.

கட்டைக்கு வருவோம். மரவேலைக் கருவிகளும் பொறுமையும் உள்ளவர்கள் இதை வாங்கலாம். பெட்டியைத் திறந்து மாட்டிவிட்டுச் சுடப் போக நினைப்பவர்கள் ரூகரின் நெகிழிக் கட்டையிலேயே கன்னத்துக்கு ஒரு உறையைச் சுற்றிக்கொள்வது மேல். பட்டறை தன் குறிப்புத்தாளில், மாட்டிய பிறகு வளையத்தை மறுபடி சரிசெய்ய வேண்டும் என்ற ஒரு வரியையாவது சேர்த்திருக்கலாம்.