பிள்ளைகளின் தடுப்பூசிக்கு 420 பவுண்ஸ் கட்டி ஏமாந்தேன், தயவுசெய்து வாசியுங்கள்

நேற்று இரவே எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை நடுங்கியது, விட்டுவிட்டேன். இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது.

டைபாய்ட், ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் இலவசம். விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்குக் காசு கட்டத்தான் வேண்டும். எங்கள் குடும்ப டொக்டரின் சேர்ஜரியில் (ஜிபி) அது இல்லை என்றார்கள். அதனால் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் டொக்டர் சேர்ஜரிக்குப் போனேன். ஊசி ஒன்று 70 பவுண்ஸ், ஆளுக்கு மூன்று, இரண்டு பிள்ளைகள். மொத்தம் 420.

ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை தமிழ். "பயப்படாதைங்கோ அக்கா, டொக்டர்தான் பார்த்துப் போடுவார். முழுக்காசையும் இப்பவே பாங்கில போட்டுவிட்டால் பிறகு அலையத் தேவையில்லை" என்றாள். அக்கா என்று கூப்பிட்டதும் என் மனம் இளகிவிட்டது. அங்கேயே நின்று போனில் 420 பவுண்ஸையும் அனுப்பினேன். டொக்டரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

டொக்டர் வரவே இல்லை. நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார், பெயர் அட்டை இல்லை. அலர்ஜி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் குத்திவிட்டு அனுப்பினார். ஊசியின் பாட்ச் நம்பர், அதாவது அந்த மருந்து எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண், எழுதிய துண்டும் தரவில்லை. நேர்ஸ் என்றுதான் நினைத்தேன்.

ஏழாம் நாள் இரண்டாவது ஊசிக்குப் போனோம். அவர் ஊசியை எடுக்கப் பிரிட்ஜைத் திறக்கும்போது கதவில் இருந்த எண்ணைப் பார்த்தேன், 13. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைநாளும் அந்த அளவைக் குறித்து வைக்க வேண்டும். கதவில் ஒட்டியிருந்த தாளில் பன்னிரண்டு நாளாக எதுவுமே எழுதவில்லை. அப்படியென்றால் முதல் ஊசி எந்தச் சூட்டில் கிடந்தது? சின்னவளின் சட்டைக்கை மடித்தபடி இருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அலைக்கழிப்பு. "மனேஜர் லீவு." "ஈமெயில் போடுங்கோ." ஈமெயிலுக்குப் பதில் இல்லை. "அது டிஸ்ப்ளே பிழை, மருந்து நல்லாத்தான் இருக்கு." ஊசி போட்டவர் யார் என்றால் "கிளினிக்கல் டீம்". நான்காவது போனில்தான் அவர் ஹெல்த்கேயர் அசிஸ்டன்ட் என்று சொன்னார்கள், அதாவது டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை, உதவியாளர். அசிஸ்டன்ட் ஊசி போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும், இந்தப் பிள்ளைக்கு இந்த ஊசி என்று டொக்டரோ மருந்து எழுத உரிமையுள்ள வேறொருவரோ பெயர் போட்டு முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை காட்டவில்லை. பிள்ளைகளைப் பார்க்காத டொக்டர் எதை எழுதியிருப்பார்?

420 பவுண்ஸையும் கேட்டேன். "கோர்ஸ் தொடங்கியாச்சு, ரீஃபண்ட் இல்லை." அதே ரிசெப்ஷன் பிள்ளைதான் சொன்னாள். இந்தமுறை அக்கா இல்லை, மேடம்.

தனியார் சேர்ஜரிகளும் சி.கியூ.சியில் பதிவு செய்திருக்க வேண்டும், இங்கிலாந்தில் மருத்துவ இடங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் அமைப்பு அது. அவர்களுடைய தளத்தில் இந்த இடத்தின் அறிக்கையை நேற்றுத்தான் தேடி வாசித்தேன். பாதுகாப்பு என்ற பகுதியில் 'முன்னேற்றம் தேவை', ஊழியர் பயிற்சிப் பதிவுகள் சரியில்லை என்றும் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. காசு அனுப்ப முன் வாசித்திருந்தால் என் பிள்ளைகளின் கையில் அந்த ஊசி ஏறியிருக்காது. சி.கியூ.சிக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் என் காசை வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் அடுத்த சோதனைக்குப் போகும்போது இது அவர்கள் கையில் இருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: முதலில் சி.கியூ.சி அறிக்கையைப் பாருங்கள். ஊசி போடுகிறவரின் முழுப்பெயரைக் கேளுங்கள். டொக்டர் என்றால் ஜி.எம்.சி பதிவேட்டிலும் நேர்ஸ் என்றால் என்.எம்.சி பதிவேட்டிலும் இருக்க வேண்டும், இரண்டையும் இலவசமாகத் தேடலாம். பாட்ச் நம்பர் வாங்காமல் வெளியே வராதீர்கள். பாங்க் ட்ரான்ஸ்பர் வேண்டவே வேண்டாம். 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட சேவைக்குக் கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டு நிறுவனத்திடமும் காசைக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. நான் அதையும் இழந்துவிட்டேன்.

நாளைக் காலை பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகிறேன். முதல் ஊசியைக் கணக்கில் எடுப்பார்களா, முதலிலிருந்து தொடங்குவார்களா என்று அங்கேதான் கேட்க வேண்டும். பெரியவன் இப்போதே அழுகிறான்.