ரயில் பாஸ், இருக்கை, பேருந்து எல்லாம் ஒரே தொகையில்: ஐரோப்பா செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

ஐரோப்பாவில் மூன்று நான்கு வாரம் ரயிலிலும் பேருந்திலும் சிக்கனமாகச் சுற்றிவர நினைப்பவர்களுக்கு, "பாஸ், இருக்கை முன்பதிவு, பேருந்துச் சீட்டு, விசாவுக்கான பயணத் திட்டம் எல்லாம் ஒரே தொகையில்" என்று விற்கும் சேவைகள் இப்போது பெருகியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு சேவையில் நானும் என் அக்காவும் அக்கா மகளும் பணம் கட்டிவிட்டு என்னென்ன பட்டோம் என்பதை, அதே வழியில் கிளம்பவிருப்பவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் வேறு பெயர்களிலும் விற்பனை நடப்பதால், பெயரைக் காட்டிலும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் பயன்படும்.

எங்கள் வழி இதுதான்: பாரிசில் இறங்கி, மிலான், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், அங்கிருந்து இரவு ரயிலில் வியன்னா, பிறகு பிராக், பெர்லின், ஆம்ஸ்டர்டாம், மீண்டும் பாரிஸ். பிராக்கிலிருந்து பெர்லினுக்கு மட்டும் பேருந்து, மற்றவை ரயில். பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸில் இரண்டு மாதத்துக்குள் நாம் விரும்பும் பத்து நாட்கள் பயணம் செய்யும் வகையை அவர்கள் பரிந்துரைத்தார்கள். தொலைபேசியில் பேசியவர், "மேடம், பாஸ் இருந்தா எந்த ட்ரெயின்லயும் ஏறலாம், சீட்டை நாங்க பாத்துக்குறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே பாதி ஏமாற்று அடங்கியிருந்தது.

யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. 33 நாடுகளில் செல்லும். ஆனால் அது பயணம் செய்யும் உரிமையை மட்டுமே தருகிறது, இருக்கையைத் தருவதில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு இல்லாமலேயே ஏறிவிடலாம். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களிலும் இரவு ரயில்களிலும் பாஸ் இருந்தாலும் தனிக் கட்டணம் கட்டி இருக்கையைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். டிஜிவியிலும் யூரோஸ்டாரிலும் பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. அவை தீர்ந்துவிட்டால், ரயிலில் காலியிடம் இருந்தாலும் பாஸைக் காட்டிப் பெற முடியாது, முழு விலையில் புதிய பயணச்சீட்டுதான் வாங்க வேண்டும். ஓப்பன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறினால் நம்மூரில் என்ன நடக்குமோ, அதுதான் அங்கும் நடக்கும்.

பாஸின் விவரங்களை நிறுவனம் எங்களுக்கு அனுப்பியது விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவில். அதுவும் வாட்ஸ்அப்பில் மூன்று ஸ்கிரீன்ஷாட்டுகளாக வந்தன. கைபேசிப் பாஸ் ஒரு நேரத்தில் ஒரு கருவியில் மட்டுமே இருக்க முடியும் என்பதும், பரிசோதகர் அதைச் செயலியில் நேரடியாகத் திறந்துகாட்டச் சொல்வார், படமாக எடுத்து வைத்திருப்பது செல்லாது என்பதும் அக்கா மகளுக்குத் தெரிந்திருந்தது. பாஸ்களை அவர்களுடைய கைபேசியிலிருந்து எங்களுடையவற்றுக்கு மாற்றித்தரச் சொல்லி நள்ளிரவுவரை அவள் விடாமல் கேட்ட பிறகே மாற்றித் தந்தார்கள். மாற்றிய பின் பாஸைத் திறந்து பார்த்தால், அவளுடையதில் 'யூத்' என்றும் அக்காவுடையதில் 'சீனியர்' என்றும் இருந்தது. 27 வயது வரையுள்ளவர்களுக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கும் குறைந்த விலையில் பாஸ் உண்டு. அந்தக் குறைந்த விலையில் வாங்கிவிட்டு, எங்கள் ரசீதில் மூன்று பேருக்கும் 'அடல்ட்' விலையைப் போட்டிருந்தார்கள். போதாதென்று அதன் மேல் சேவைக் கட்டணம் வேறு.

பத்து நாள் பாஸ் எதற்கு என்பதும் பிறகுதான் விளங்கியது. எங்கள் வழியில் ரயில் பயணம் ஏழு நாட்களில் முடிந்துவிடும்; ஏழு நாள் பாஸும் விற்பனையில் இருக்கிறது. இரவு ரயில் நள்ளிரவைத் தாண்டுவதால் இரண்டு நாட்கள் கணக்காகும் என்று சொல்லி எங்களைப் பத்துக்கு இழுத்திருந்தார்கள். உண்மையில், நள்ளிரவுக்கு முன் ஏறி, வழியில் மாறாமல் ஒரே ரயிலில் செல்லும் இரவுப் பயணத்துக்குப் புறப்படும் நாள் ஒன்றுதான் கழியும். வெனிசிலிருந்து வியன்னா செல்லும் இரவு ரயில் அப்படிப்பட்டதே. அந்த ரயிலுக்கு மட்டும் அவர்கள் செய்திருந்த முன்பதிவு சரியாக இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஸ்–மிலான் கதை வேறு. அவர்கள் அனுப்பிய பிடிஎஃப்பில் ரயில் எண், தேதி, புறப்படும் நேரம், எங்கள் பெயர்கள், மேலே பச்சை எழுத்தில் 'கன்ஃபர்ம்டு' எல்லாம் இருந்தன. பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் இல்லை. அவை பயண நாளன்று தெரியும் என்று விளக்கம் சொன்னார்கள். பாரிசின் கார் த லியோன் ரயில் நிலையத்துக்கு முந்தைய நாளே சென்று வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம் தாளைக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், கைபேசியில் பாஸைப் பார்த்தார், கணினியில் எங்கள் பெயர்களைத் தட்டிப் பார்த்தார், பிறகு பதிவுக் குறிப்பு எண் எங்கே என்று கேட்டார். பிடிஎஃப்பில் இருந்த நீளமான எண்ணைக் காட்டினோம். அது ரயில்வேயின் எண்ணே அல்ல, இதை அனுப்பியவர்களின் சொந்த ரசீது எண்ணாக இருக்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, மறுநாளைய மிலான் ரயில்களில் பாஸுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். சாதாரண விலையில் கிடைத்த இருக்கைகள் ஆளுக்கு நூறு யூரோவைத் தாண்டின.

நிறுவனத்துக்கு அழைத்தோம், எடுக்கவில்லை. இந்திய நேரப்படி அலுவலகம் மூடியிருந்தது என்று மறுநாள் பதில் வந்தது. அதற்குள் நாங்கள் மெட்ரோ 14ஆம் தடத்தில் அடுத்த நிறுத்தமான பெர்சிக்குப் போய், அங்குள்ள பேருந்து நிலையத்திலிருந்து மிலானுக்கு இரவுப் பேருந்தில் இடம் பிடித்திருந்தோம். முழங்கால் வலியுள்ள அக்கா இரவு முழுக்க உட்கார்ந்தபடியே வந்தார். அந்தப் பேருந்து மிலானில் நிற்பது லாம்புன்யானோ என்ற இடத்தில். மத்திய ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மெட்ரோ தடங்கள் மாறிச் செல்ல வேண்டிய தூரம் அது. ஐரோப்பாவில் பேருந்துத் திட்டமிடும் எவரும் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெர்லினின் பேருந்து நிலையம் நகரின் மேற்கு ஓரத்தில், கண்காட்சி அரங்குகளுக்கு அருகே இருக்கிறது. ஃப்ளோரன்சில் பல பேருந்துகள் நிற்கும் வில்லா கோஸ்தான்சாவிலிருந்து ஊருக்குள் வர டிராம் பிடிக்க வேண்டும். நகரின் பெயரை மட்டும் போட்டு, 'பேருந்திலிருந்து ரயிலுக்கு அரைமணி நேரம்' என்று எழுதியிருக்கும் எந்தத் திட்டத்தையும் நம்பாதீர்கள்.

ஃப்ளோரன்சிலிருந்து வெனிசுக்கு எங்கள் திட்டத்தில் இத்தாலோ ரயில் போட்டிருந்தது. அது தனியார் நிறுவனம். யூரெயில் பாஸை ஏற்பதில்லை என்பது பாஸைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் முதலில் வரும் செய்தி. பாஸை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. கட்டாய முன்பதிவு இல்லாத உள்ளூர் ரயில்களில் போலோன்யாவில் மாறி வெனிஸ் சென்றோம். நேரம் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆனது, பணம் ஆகவில்லை. சிக்கனப் பயணத்தில் இந்த உள்ளூர் ரயில்கள் பெரிய துணை. அவற்றுக்கு இத்தாலியில் காகிதச் சீட்டு வாங்குபவர்கள் மட்டும் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை இட்டுக்கொள்ள மறக்கக் கூடாது, இல்லையென்றால் அபராதம் கேட்பார்கள்.

மற்றவற்றைக்கூட அரைகுறை அறிவு, அலட்சியம் என்று ஒருவர் வாதாடலாம். பிராக்கில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அங்குள்ள ஃப்ளோரென்ட்ஸ் (Florenc) பேருந்து நிலையத்தில் பெர்லின் பேருந்தின் ஓட்டுநர் எங்கள் கியூஆர் குறியீட்டைத் தன் கைபேசியால் படித்தார், திரை சிவப்பானது. இன்னொரு முறை படித்தார், மீண்டும் சிவப்பு. பட்டியலில் எங்கள் பெயர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். இது போலிச் சீட்டு அல்ல, அசலாக வாங்கப்பட்டது. பேருந்து நிறுவனத்தின் உதவி மையத்தில் விசாரித்தபோது, பதிவுசெய்த மின்னஞ்சல் கணக்கிலிருந்தே அது இரண்டு வாரத்துக்கு முன் ரத்து செய்யப்பட்டு, தொகை வவுச்சராக அந்தக் கணக்குக்கே போய்விட்டது என்றார்கள். அதாவது எங்களிடம் பணம் வாங்கி, சீட்டு எடுத்து, பிடிஎஃப்பை எங்களுக்கு அனுப்பிவிட்டு, சீட்டைத் திரும்பக் கொடுத்து வவுச்சரை வைத்துக்கொண்டார்கள். கையிலுள்ள பிடிஎஃப் ரத்தானதைத் தானாகச் சொல்லாது. அடுத்த மெட்ரோ நிறுத்தம்தான் முதன்மை ரயில் நிலையம் என்பதாலும், அவர்கள் தேவையில்லாமல் விற்ற உபரிப் பாஸ் நாட்கள் கையில் இருந்ததாலும், முன்பதிவு இல்லாமல் ஏற முடிந்த யூரோசிட்டி ரயிலில், டிரெஸ்டன்வரை கதவருகே நின்றபடி, பெர்லின் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே, உதவிக்கு யாரை வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு பயணச்சீட்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரிலான கணக்கில், முடிந்தால் உங்கள் கடன் அட்டையில் எடுக்கப்பட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள். விசாவுக்காக எல்லாச் சீட்டுகளையும் முன்பே அவர்கள் மூலம் வாங்கியே ஆக வேண்டும் என்று அச்சுறுத்தினால், ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது பயணத் திட்டம், தங்குமிடம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, பண வசதி ஆகியவற்றுக்கான சான்றுகளே, ஐரோப்பாவுக்குள் செல்லும் ரயில் சீட்டுகள் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பயணத்தின் சலுகை விலையையும் அந்தந்த நாட்டு ரயில்வேயின் தளத்திலேயே பார்த்துக் கூட்டிப் பாருங்கள். சில மாதங்களுக்கு முன்பே வாங்கினால் நீண்ட தூரத்துக்கும் இருபது முப்பது யூரோவில் சீட்டுகள் கிடைக்கின்றன. தேதிகள் மாறாது என்றால் எங்கள் வழிக்குப் பாஸே தேவைப்பட்டிருக்காது. அந்தச் சலுகைச் சீட்டுகளில் பல, குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பது அந்தச் சலுகைக்கு நாம் கொடுக்கும் விலை.

ஜெர்மனியின் மாதாந்தர டாய்ச்லாந்து டிக்கெட்டைப் பற்றியும் ஒரு சொல். பெர்லினில் தங்கும் நாட்களுக்கென்று அதையும் எங்கள் தலையில் கட்டினார்கள். நகரப் போக்குவரத்துக்கும் உள்ளூர் ரயில்களுக்கும் அது செல்லும், ஐசிஇ போன்ற விரைவு ரயில்களுக்குச் செல்லாது. அத்துடன் அது சந்தா, அந்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் தொடரும். சில நாட்கள் மட்டும் தங்குபவர்களுக்கு நகரின் நாள் சீட்டே போதும்.

திரும்பி வந்ததும் முன்பணமாகக் கடன் அட்டையில் கட்டிய பகுதிக்கு வங்கியில் மறுப்பு எழுப்பி, பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பேருந்து உதவி மையத்தின் மின்னஞ்சலை ஆதாரமாக இணைத்ததில் அந்தத் தொகை திரும்பக் கிடைத்தது. யூபிஐயில் அனுப்பிய பெரும்பகுதி அப்படித் திரும்பக் கிடைக்கவில்லை. ரசீதில் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகை பிடித்திருந்தார்கள். அப்படிப் பிடித்தால் அது நம் பான் எண்ணின் கீழ் வருமான வரித் துறையின் வரி வரவுப் பட்டியலில் (படிவம் 26ஏஎஸ்) வரவாக வேண்டும், வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். எங்களுடையதில் அப்படியொரு வரவே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்த பிறகுதான் நிறுவனம் வாய் திறந்தது. அடுத்த ஐரோப்பியப் பயணத்தில் பதினைந்து சதவீதத் தள்ளுபடி தருவதாக எழுதியது. மறுத்துவிட்டு, இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிந்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், குறை நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். இதே போன்ற பிடிஎஃப்களை வைத்திருப்பவர்கள் அவற்றிலுள்ள பதிவுக் குறிப்பு எண்ணை எடுத்து, உரிய ரயில்வே அல்லது பேருந்து நிறுவனத்தின் தளத்தில் இன்றே ஒருமுறை போட்டுப் பாருங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் மீண்டும் ஒருமுறை.