பாத்ரூம் வாசனைக்கு விற்பவற்றில் எது காசுக்குத் தகும்?

சூப்பர் மார்க்கெட்டில் பாத்ரூம் வாசனைக்கென்றே ஒரு தட்டு இருக்கும். தொங்கவிடும் ஜெல் பாக்கெட், வில்லை, ஸ்ப்ரே, ரசகற்பூரம், இரண்டு மூன்று நிறத்தில் பினாயில். இவற்றில் பெரும்பாலானவை நாற்றத்தின் மேல் இன்னொரு வாசனையைப் பூசுபவை. நாற்றம் வரும் வழியை அடைக்கும் பொருள் அங்கே கிடைக்காது, ஹார்டுவேர் கடையில்தான் கிடைக்கும். செலவை அங்கிருந்து தொடங்குவதே சரி.

எதையும் வாங்குமுன் காசில்லாத ஒரு சோதனை. தடிமனான பாலிதீன் பையில் பாதியளவு தண்ணீர் ஊற்றி முடிச்சிட்டு, படுக்கப் போகும்போது தரைத் துவாரத்தின் ஜாலி மேல் வையுங்கள். பை தரையோடு படிந்து துவாரத்தை மூடிவிடும். வாஷ்பேசின் பைப் இறங்கும் துவாரத்தில் பழந்துணியைச் சுற்றி அடையுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் காலையில் திறங்கள். நாற்றம் இல்லையென்றால் வந்துகொண்டிருந்தது சாக்கடைக் காற்று. அப்படியே இருந்தால் தரையிலும் கழிப்பறைக் கோப்பையிலும் படிந்த சிறுநீர் உப்பு, அல்லது காயாத ஈரம். அழுகிய முட்டை வாடை முதல் வகை, கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி இரண்டாவது வகை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

சாக்கடைக் காற்றைத் தடுக்கத்தான் தரைக்கடியில் நாணி டிராப் வைக்கிறார்கள். அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று காற்றை மறிக்கும். ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே கவிழ்த்து வைத்த கப் ஒன்று இருக்கும், அது தண்ணீரில் முங்கியிருந்தால்தான் அடைப்பு முழுமை. முடி சிக்கித் தண்ணீர் இறங்கவில்லை என்று யாரோ அந்தக் கப்பைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பாதி வீடுகளின் நாற்றத்துக்கு இதுவே காரணம் என்றால் மிகையில்லை. மாற்றுக் கப் தனியாகவே கிடைக்கும், விலையும் அற்பம். பழைய கப்பின் விட்டத்தையோ டிராப்பின் உள்விட்டத்தையோ அளந்துகொண்டு போங்கள். புழங்காத விருந்தினர் பாத்ரூமில் கோடைக்காலத்தில் டிராப் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதானால் டிராப்பை நிரப்பி மேலே ஒரு மேசைக்கரண்டி மினரல் ஆயில் விடலாம், ஆவியாவது குறையும். சமையல் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும்.

டிராப்பே வைக்காமல் கட்டிய பழைய வீடுகளுக்குத்தான் சிலிக்கான் வால்வு. வாத்தின் அலகு போல இரண்டு உதடுகள், தண்ணீர் விழும்போது திறந்து பிறகு ஒட்டிக்கொள்ளும். ஆன்லைனில் பெரும்பாலும் நூறு முதல் இருநூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. கரப்பான் பூச்சியையும் தடுக்கும். ஆனால் உதட்டில் ஒரு முடி சிக்கினாலே இடைவெளி விழும், நாற்றம் திரும்பும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் இறங்கும் வேகமும் குறையும். வாளி வாளியாகக் கொட்டிக் குளிக்கும் வீட்டில் கணுக்கால் அளவு தேங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்பிரிங் வைத்த மாடல் நம் உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடித்து நின்றுவிடும். காந்தம் வைத்த மாடலில் துருத்தூள் ஒட்டி மூடி சரியாக உட்காராது. மூன்றில் சாதாரண சிலிக்கானே மேல். துவாரத்தின் உள்விட்டத்தை அளக்காமல் ஆர்டர் போட்டால் காசு வீண்.

வாஷ்பேசின் பக்கமும் குனிந்து பாருங்கள். நெளிநெளியான வேஸ்ட் பைப்பைத் தரைத் துவாரத்தில் சும்மா செருகிவிட்டுப் போவது பிளம்பர்களின் வழக்கம். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி சாக்கடைக்கு நேர்வழி. அளவான ரப்பர் வளையம் செருகினால் அந்த வழி அடைபடும். பேசின் துவாரம் வழியாக ஏறும் காற்றுக்கு, பேசினுக்கு அடியில் மாட்டும், உள்ளே தண்ணீர் நிற்கும் பாட்டில் டிராப் வேண்டும். அது முடியாதென்றால் வேஸ்ட் பைப்பையே U வடிவில் வளைத்துக் கட்டுங்கள், வளைவில் தண்ணீர் நிற்கும்.

சிறுநீர் உப்புக்கு வருவோம். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவில் சிறுநீர் ஊறிப்போய்விடும், சோப்பு அதைத் தொடாது, அமிலம்தான் கரைக்கும். இதற்கு எங்கள் தேர்வு கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கோப்பையின் விளிம்புக்கு அடியிலும் டைல்ஸ் மேலும் தடவி, அரைமணி கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள், மொசைக் தரையில் வேண்டாம், அரித்து மங்கலாகும். ஹார்பிக் போன்ற திரவங்களில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கோப்பைக்குள் அது நன்றாக வேலை செய்யும், தரைக்கு ஊற்றினால் டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டைத் தின்றுவிடும். இடுக்கு ஆழமாக ஆக அதில் அழுக்கு தங்கி நாற்றம் கூடும். தெருவில் கேனில் வரும் 'ஆசிட்' இன்னும் மோசம். அதன் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-லேயே கட்டுப்பாடு விதித்தும் வண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடர் மலிவு, கிருமிக்கும் பாசிக்கும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். பாக்கெட்டைத் திறந்தே வைத்தால் வீரியம் போய்விடும், நெடி இல்லாத பவுடரால் பயனும் இல்லை. செப்டிக் டேங்க் வீடென்றால் அளவோடு போதும், மலத்தை மக்கவைக்கும் பாக்டீரியாவும் இதில் சாகும். ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம்: பிளீச்சிங் பவுடரோடு ஹார்பிக், எலுமிச்சை உப்பு, வினிகர் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறியதாக உள்ள பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அமிலம் ஒரு நாள், பிளீச்சிங் வேறொரு நாள்.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்து ஊற்றும் வீடியோக்கள் ஏராளம். நுரை பார்க்க அழகு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர்தான். தனித்தனியாகவே பயன் அதிகம். கிண்ணத்தில் நூறு கிராம் ஆப்ப சோடாவை உலர்ந்த மூலையில் வைத்தால் புளித்த வாடையைக் கொஞ்சம் இழுக்கும். ஈரம் பட்டுக் கட்டி தட்டியதும் மாற்றுங்கள், பழையதைத் தரை தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

ரசகற்பூரத்துக்கு எங்கள் பரிந்துரை இல்லை. நாப்தலின் உருண்டையாக இருந்தாலும், பாராடைகுளோரோபென்சீன் வில்லையாக இருந்தாலும், புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இரண்டையும் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலினால் சிவப்பணுக்கள் சிதையும், கைக்குழந்தை உள்ள வீட்டில் கட்டாயம் வேண்டாம். வெள்ளை உருண்டை மிட்டாய் போலத் தெரிவது வேறு ஆபத்து. கையிலிருப்பது எது என்று தெரிய அரை டம்ளர் வெந்நீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் போடுங்கள். நாப்தலின் மிதக்கும், மற்றது மூழ்கும். பூஜைக் கற்பூரம் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். அதுவும் விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும் என்பதால் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஜெல் பாக்கெட்டைக் குறை சொல்ல அதிகமில்லை, மற்றதெல்லாம் சரியான பிறகு. பாக்கெட்டில் ஒரு மாதம் என்று போட்டிருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் பாத்ரூமில் முன்பே வற்றும். ஃபேனுக்கு எதிர்ச் சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் தொங்கவிடுங்கள். ஸ்ப்ரே வீண் செலவு, அடித்த கொஞ்ச நேரத்திலேயே மறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை வேறு.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவதானால் சாதாரண பாத்ரூமுக்கு ஆறு அங்குலம் போதும். கதவுக்கடியில் ஒரு விரல் அளவாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே வர வழியின்றி, வற்றிப்போன டிராப் வழியாகச் சாக்கடைக் காற்றையே ஃபேன் இழுத்துக்கொண்டுவரும். ஃபேன் போட்ட பிறகு நாற்றம் அதிகமாகிவிட்டது என்பவர்கள் முதலில் ஜாலியைத் தூக்கிப் பார்க்கட்டும்.