டோங்கா இகே: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மரப்பட்டையை அடித்துத் துணியாக்கும் இகே கட்டையில் முதலில் பார்க்க வேண்டியது கனம். பசிபிக் தீவு நாடான டோங்காவில் 'தோவா' எனப்படும் சவுக்கு மரத்தில் செய்தது எடுத்ததுமே கனக்கும்; அதுதான் நல்லது. கட்டை தன் பாரத்தில் விழும், கை தூக்கிவிட்டால் போதும். நினைவுப் பொருளாக விற்கும் லேசான கட்டைகள் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நான்கு முகமுள்ள தலை, உருண்டைப் பிடி. சில முகங்களில் வரி வெட்டியிருக்கும். ஒன்றாவது வழவழப்பாக இருக்க வேண்டும். ஹியாப்போ எனும் காகித மல்பெரிச் செடியின் ஊறவைத்த உட்பட்டையை வரி முகத்தால் அடித்தால் நார் பக்கவாட்டில் விலகும். நாலு விரல் அகலப் பட்டை பல மடங்கு விரியும். பிறகு வழவழ முகத்தால் அடித்து வரித் தடத்தை அமுக்க வேண்டும். வரியின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் நாரை விலக்காமல் அறுத்துவிடும், பட்டை நீளவாக்கில் கிழியும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். மரத்திலேயே வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள்.

எல்லா ஓட்டைக்கும் கட்டை பொறுப்பல்ல. செடியில் பக்கக் கிளையைக் கிள்ளாமல் விட்டால் கணு இருந்த இடத்தில் பட்டையே ஓட்டையாகத்தான் உரியும். அடிக்கும்போது பட்டை காய்ந்துவிட்டாலும், அடி ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். அங்கே மேலும் அடிப்பது வீண். மஹோஆ கிழங்குப் பசையால் ஒட்டுப் போடுங்கள்.

துத்துவா எனும் அடிமணை இல்லாமல் இகே மட்டும் வாங்குவதில் பாதிப் பயன்தான். மேல்முகம் மட்டமாக இருக்க வேண்டும். குழி இருந்தால் அங்கே பட்டை தடித்தே நிற்கும். சிமெண்டுத் தரையில் வைத்து அடிப்பவர்கள் உண்டு, வரிகள் சீக்கிரம் மழுங்கிவிடும்.

துணியில் கோலம் பதிக்கும் குபேசி அச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தாழை ஓலையில் தென்னை ஈர்க்கை வளைத்து நாரால் தைத்த அச்சு இது. மேலே இரண்டடுக்குத் துணியை விரித்து, கோக்கா மரப்பட்டைச் சாயம் தோய்த்த பொட்டலத்தால் அழுத்தித் தேய்த்தால் மேடான கோடுகள் மட்டும் பழுப்பாகப் பதியும். தையல் தளர்ந்த ஈர்க்கு தேய்க்கும்போது நகர்ந்து கோடு இரட்டையாக விழும் என்பதால், வாங்கும்போது ஒவ்வொரு வளைவையும் விரலால் நெருடிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் வரிகளில் ஒட்டிய பிசினைக் கழுவி, இகேயை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சவுக்கும் வெடிக்கும்.