ஆறு வருட சவுண்ட் கார்டும் ஒரு ‘டிக்’ சத்தமும்

போன வாரம் என் சவுண்ட் கார்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தது. இடது பக்கம் பாட்டு வரவில்லை. அதுவும் முழுசாகப் போய்த் தொலையவில்லை. ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்டால் இடது ஸ்பீக்கர் ஊமை. விண்டோஸில் வால்யூமை ஏற்றினால் கரகரவென்று உயிர் வரும். அப்புறம் குறைத்தாலும் கொஞ்ச நேரம் பாடும். கேபிளை மாற்றினேன், டிரைவரை அழித்துப் போட்டேன், விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழ். கடைசியில் குற்றவாளி, பாதித் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே திறந்து மூடும் குட்டி சுவிட்ச்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் சில நொடி கழித்து ‘டிக்’ என்று கேட்குமே, அதுதான். மின்சாரம் ஏறும் நேரத்தில், பாட்டுச் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆப்-ஆம்ப் என்ற சிப்பின் வெளியீடு தாறுமாறாகக் குதிக்கும். ஸ்பீக்கரில் ‘டம்’ என்று இடிக்கும். அது அடங்கும்வரை ரிலே வழியை மறித்து நிற்கிறது.

இந்தக் கார்டில் அது கட்டாயம் வேண்டும். மலிவான சர்க்யூட்டுகளில் வெளியே போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு, ஸ்பீக்கருக்குப் போகக்கூடாத டிசியை, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, தடுத்துவிடுவார்கள். ஆனால் 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோஃபாரட் என்றால், 50 ஹெர்ட்ஸிலேயே பேஸ் 3 டெசிபல் இறங்கிவிடும். என் கார்டில் அந்தக் கெப்பாசிட்டரே கிடையாது. அது இல்லாமல் சமாளிக்க ஆப்-ஆம்புக்கு பிளஸ்ஸோடு மைனஸ் வோல்ட்டும் தேவை. மதர்போர்டில் கார்டைச் செருகும் பழைய பிசிஐ ஸ்லாட்டிலேயே மைனஸ் 12 வோல்ட் வந்தது. அதற்கு அடுத்து வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் கார்டே பிளஸ் 12-இலிருந்து மைனஸைச் செய்து, அப்படிச் செய்ததால் வந்த இரைச்சலையும் வடிகட்டுகிறது. இவ்வளவு மெனக்கெட்டதன் பலன் காதில் தெரிகிறது. மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் அடி விழும் அந்த ‘கும்’முக்காகவே இதை இன்னும் வைத்திருக்கிறேன்.

ரிலேவுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டிருக்கலாம். விலை குறைவு, தேயவும் தேயாது. ஆனால் சும்மா இருக்கும்போதும் சிக்னலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலிச் சிதைவைச் சேர்க்கும். ரிலே வெறும் உலோகம், சுத்தமானது. சரி, உலோகம் என்றால் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மின்சாரத்தை மறிக்கும் படலம் படியத்தானே செய்யும்? ஸ்பீக்கருக்குப் போகும் லைன்-அவுட்டில் ஓடுகிற துளி மின்னோட்டத்துக்கு அதை உடைக்கத் தெம்பில்லை. வால்யூமை ஏற்றினால் உடைகிறது.

இதுவரை எனக்குக் கோபமில்லை. கார்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் வந்தது. கெட்டே போகாத ஆப்-ஆம்புகளுக்கு, ஆசைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று அழகழகாக சாக்கெட். கார்டிலேயே அசைகிற ஒரே பாகம் ரிலே. அதை சாலிடர் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்! பெட்டி மேல் டெசிபல் கணக்கைக் கொட்டை எழுத்தில் போட்டவர்களுக்கு இது தோன்றவில்லையா?

கடைக்கார அண்ணன் கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். “ஆட்டோ காசுதான் உங்களுக்கு அதிகம்” என்றார்.

அலுவலக நண்பர் இதே கார்டு விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், மதர்போர்டில் வருவதே போதும் என்று சொல்லிவிட்டேன். என்னுடையதைப் பாதி விலைக்குக் கேட்டுப் பார்த்தார். தருவதாக இல்லை. மேசை டிராயரில் இன்னும் இரண்டு ரிலே வாங்கிப் போட்டிருக்கிறேன்.