சுவீகாரம் வந்த உறுப்பினர்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

இணைய இணைப்பைப் பகிர்ந்து பொருள் விற்றுக் கொடுத்தால் கமிஷன் தரும் அஃபிலியேட் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவரைச் சேர்த்துவிட்டவர் இரண்டு மாதம் கணக்கின் பக்கமே வராவிட்டால், அவருக்குக் கீழே இருப்பவர்களை வேறொருவரின் குழுவுக்கு மாற்றிவிடுவார்கள். வருகிறவர்களும் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பவர்கள்தாம். இந்தச் சுவீகாரப் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் தவணையில் 14 பெயர்கள். லாட்டரி விழுந்ததுபோல் மகிழ்ந்து, நிறுவனம் தந்த மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பினேன்: 'எங்கள் வெற்றிக் குடும்பத்துக்கு வருக, வருக!' மூன்று கடிதங்கள் முகவரி இல்லையென்று திரும்பின. பத்துப் பேரிடம் சத்தமே இல்லை. மிச்சமிருந்த ஒருவர் கேட்டார்: "நீங்கள் யார்? என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

நியாயமான கேள்வி. குழு மாறியதை நிறுவனம் அவருக்குச் சொல்லவே இல்லை. இந்த வசதியின் மிகப் பெரிய குறை இதுதான். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளின்படி, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் விற்பனையாளர் யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது. நானோ மின்னஞ்சலில் நேரே கூடத்துக்குள் நுழைந்து மாலை போட்டிருக்கிறேன்.

அதன்பின் கடிதத்தை ஐந்து வரியாகச் சுருக்கினேன். நான் யார், நீங்கள் எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், உங்கள் பெயர் ஏன் என்னிடம் வந்தது, வேண்டாமென்றால் கணக்கை எப்படி மூடுவது, வேண்டுமென்றால் எங்கே தடைப்பட்டு நின்றீர்கள். வருமானப் பேச்சே கிடையாது. பதில்கள் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் மூடும் வழி கேட்டவை. எனக்கு அதில் வருத்தமில்லை. அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்த 180 நாளில் மூன்று விற்பனைகூட நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். கறார்தான், ஆனால் உறங்குகிறவரை ஊர் ஊராகத் தூக்கிச் சுமப்பதில்லை.

இதுவரை வந்த 61 பேரில் விழித்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் பெயருக்கு எதிரே வங்கி விவரம் நிரப்பப்படவில்லை என்ற சிவப்புக் குறி இருந்தது. அதைச் சொன்னேன். கடவுச்சொல்லை மீட்டு உள்ளே போனவர், பழைய கமிஷன் 640 ரூபாய் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். என் எந்த ஊக்க உரையும் செய்யாததை அந்தச் சிறு தொகை செய்தது. இப்போது சமையல் பாத்திரங்களுக்கான இணைப்புகளை உறவினர்களுக்கு அனுப்புகிறார். மாதம் இரண்டு மூன்று விற்கின்றன.

பட்டியலில் மொழி குறிக்கப்படுவதில்லை. பாட்னாக்காரர் ஒருவருக்குத் தமிழில் எழுதி அசடு வழிந்திருக்கிறேன். இந்த நால்வரால் எனக்கு வந்த பணம் எந்த மாதமும் வீட்டு இணையக் கட்டணத்தைத் தாண்டியதில்லை. பெயர்கள் வருகின்றன என்பதற்காக யாரும் இந்த நிறுவனத்தில் சேர வேண்டாம்.

சென்ற ஆண்டு முதுகுவலியால் இரண்டு மாதம் கணக்கைத் திறக்கவில்லை. ஒருநாள் ஆசிரியை ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பியிருந்தார். 'எங்கள் வெற்றிக் குடும்பத்துக்கு வருக, வருக!' என்று தொடங்கியது அது. அதற்குமேல் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார்: "தம்பி, இவர் யார்?"