ஒரே சோயா எண்ணெய்க்கு இரண்டு சட்டங்கள்

மரபணு மாற்றப்பட்ட சோயாவின் எண்ணெயை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவர், அந்த விவரத்தை லேபிளில் அச்சிட்டாக வேண்டும். அமெரிக்க வேளாண் துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட விதியோ, சுத்திகரிப்புக்குப் பின் மாற்று மரபணுவின் தடயத்தைக் கண்டறிய முடியாவிட்டால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றது. ஐரோப்பா உணவு எப்படி விளைந்தது என்று கேட்கிறது. அமெரிக்கா அதில் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கிறது.

தடயமே இல்லாத எண்ணெயில் லேபிள் உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? ஐரோப்பா இதற்குப் பதிவேடுகளை நம்புகிறது. அங்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானிய வணிகர் முதல் ஆலைக்காரர் வரை ஒவ்வொருவரும் சரக்கு மரபணு மாற்றப்பட்டது என்பதைத் தம்மிடம் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்து, யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்ற பதிவை 5 ஆண்டுகள் காக்க வேண்டும். செலவு பிடிக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் இதுவே நேர்மையானது என்பது என் கருத்து. தற்செயலான கலப்புக்கும் ஒவ்வொரு மூலப்பொருளிலும் 0.9 சதவீதம் வரைதான் அங்கே விலக்கு உண்டு. அமெரிக்காவில் அது 5 சதவீதம்.

அறிவிக்கும் முறையில் இடைவெளி இன்னும் பெரிது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் வெளிப்படையான வாசகத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 2016 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாத இறுதியில் அதைச் செல்லாததாக்கும் கூட்டாட்சிச் சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். வாசகமா, சின்னமா, கியூஆர் குறியீடா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அச்சட்டம் நிறுவனங்களுக்கே தந்தது. கைக்குழந்தையோடு கடைக்கு வந்த ஒருவர் பொட்டலம் பொட்டலமாகக் கைபேசியைக் காட்டித்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அதை அறிவிப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள் 'ஜிஎம்ஓ' (மரபணு மாற்றப்பட்ட உயிரினம்) என்றே பேசிப் பழகியிருக்க, விதியோ 'பயோஎன்ஜினியர்டு' (உயிரிப் பொறியியலால் உருவானது) என்ற சொல்லை எடுத்துக்கொண்டது.

சந்தையில் உள்ள இத்தகைய உணவுகள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கடந்தவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனால் லேபிள் வீண் அச்சத்தை விதைக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ஆனால் விளைந்த நாட்டின் பெயரை அச்சிடுவது எப்படி எச்சரிக்கை ஆகாதோ, அப்படியே இதுவும் ஆகாது.

ஐரோப்பியச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இறக்குமதியாகும் மரபணு மாற்றப்பட்ட சோயாவைத் தின்று வளர்ந்த கால்நடைகளின் பால், இறைச்சி, முட்டை ஆகியவற்றுக்கு இரு தரப்பிலுமே லேபிள் தேவையில்லை. ஜெர்மனியில், கால்நடைத் தீவனத்தையும் கணக்கில் கொள்ளும் 'ஓனே கென்டெக்னிக்' ('மரபணு மாற்றமின்றி') என்ற விருப்ப முத்திரை இந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது.